"வெறும்" புரதம் இல்லீங்க

கேள்வி: நோவாவேக்ஸ்னு ஒரு கொரோனா தடுப்பூசிக்கு அமெரிக்காவுல இப்ப, 2022 ஜூலைல, அனுமதி குடுத்திருக்காங்களே, அது ஃபைசர், மாடர்னா மாதிரி எம்ஆர்என்ஏ எல்லாம் கிடையாது, வெறும் புரதம்தானாமே? ஏதோ புழுவுல இருந்து எடுக்குறாங்கன்னும் சொல்றாங்க. இப்படி ஒண்ணு வரட்டும்னுதான் இத்தன நாளா ஊசி போடாம காத்திருந்தேன். நம்பிப் போடலாமா?

பதில்: போடலாம். அத கடைசில பேசுவோம், அதுக்கு முன்னாடி உங்க கேள்விலேர்ந்து அந்த "வெறும்" என்ற வார்த்தைய எடுத்துடுங்க.

எனக்கும் இந்த வார்த்தைக்கும் பழைய பகை. 2020ல "வெறும் சளிக்காய்ச்சலுக்கு ஏன் சார் இவ்ளோ கூப்பாடு"ன்னு ஒருத்தர் இந்தப் பக்கத்துக்கு எழுதி, அவரோட மூணு இதழ் மல்லுக்கட்டினேன். நம்ம மொழில வெறும்னு ஆரம்பிச்சாலே அங்க எதுவோ இல்லன்னு அர்த்தம். வெறுங்கைல முழம் போடுறான்னா அளக்குறதுக்கு கைல ஒண்ணும் இல்ல. வெறும் வாய மெல்லுறான்னா வாய்க்குள்ள அவல் இல்ல. நீங்களோ அந்த இல்லாமையவே ஒரு நல்ல குணமா சொல்றீங்க, கூட ஒண்ணும் சேர்க்கல, புரதம் மட்டும்தான், அதனால பயமில்லன்னு. புரதத்த மட்டும் ஊசில ஏத்திப் போட்டா அதுதான் வெறுங்கைல முழம் போடுறது, உடம்பு சட்டையே பண்ணாது.

இத நானா சொல்லல. 2020ல இந்த ஊசிய முதமுதலா மனுஷங்களுக்குப் போட்டுப் பாத்தப்ப மொத்தம் 131 பேர், அதுல ஒரு சின்ன குழுவுக்கு 25 மைக்ரோகிராம் புரதம் மட்டும் குடுத்தாங்க, நோயை எதிர்க்கிற ஆன்டிபாடி பேருக்குத்தான் வந்துச்சு. இன்னொரு குழுவுக்கு புரதத்த 5 மைக்ரோகிராமா குறைச்சுட்டு கூடவே மேட்ரிக்ஸ்-எம்னு ஒரு துணைப்பொருள 50 மைக்ரோகிராம் சேத்தாங்க, ரெண்டாவது டோஸுக்கு அப்புறம் அவங்களுக்கு கொரோனா வந்து தேறினவங்களுக்கு இருக்கறதவிட அதிகமா ஆன்டிபாடி ஏறிடுச்சு. புரதம் அஞ்சுல ஒரு பங்கு, பலன் எங்கயோ போயிடுச்சு. 2022ல அனுமதி வாங்கினதும் இந்த 5க்கு 50 கணக்குதான். துணைக்கு வந்தது புரதத்தவிட பத்து மடங்கு எடை, இதப் போய் வெறும் புரதம்னா எப்படி?

அந்த மேட்ரிக்ஸ்-எம், சிலி நாட்டு குயில்லாயா மரத்தோட பட்டைலேர்ந்து வருது. தண்ணில போட்டா சோப்பு மாதிரி நுரைக்கிற சப்போனின் அதுல இருக்கு. அது அப்படியே ரத்தத்துல பட்டா சிவப்பணுவ உடைச்சிடும், அதனால கொலஸ்ட்ராலும் பாஸ்போலிப்பிடுங்கிற கொழுப்பும் சேத்து குட்டிக் குட்டி கூண்டு மாதிரி கட்டி அடக்கி வச்சிருக்காங்க. இங்க ஏதோ நடக்குதுன்னு நோய் எதிர்ப்பு செல்கள கூப்பிட்டு நிறுத்துறது அதோட வேலை. வந்த செல்கள் பக்கத்துல இருக்குற புரதத்த எடுத்துட்டு எதிர்ப்பு செல்கள் கூடுற நிணநீர் கணுவுக்குப் போகும், பாடம் அங்கதான் நடக்குது.

இந்த துணைப்பொருள் கண்டுபிடிச்ச கதைய சொல்லாம என்னால நகர முடியல. பிரான்ஸ்ல கஸ்தோன் ராமோன்னு ஒரு கால்நடை டாக்டர், 1920கள்ல டிப்தீரியாங்கிற தொண்டை அடைப்பான் நோய் மருந்துக்காக குதிரைகளுக்கு ஊசி போட்டு வந்தாரு. ஊசி குத்துன இடத்துல சீழ் கட்டுன குதிரைங்ககிட்ட எதிர்ப்பு சரக்கு அதிகமா இருக்கறத கவனிச்சாரு. அப்படின்னா வேணும்னே கொஞ்சம் உறுத்தினா என்னன்னு மரவள்ளி மாவு, ரொட்டித் தூள் எல்லாம் கலந்து போட்டுப் பாத்தாரு, வேலை செஞ்சுது! 1926ல இங்கிலாந்துல கிளென்னின்னு ஒரு ஆராய்ச்சியாளர் படிகாரத்த வச்சு அதையே செஞ்சு காட்டுனாரு. அதுலேர்ந்து வந்த அலுமினிய உப்புங்க இன்னிக்கும் எத்தனையோ தடுப்பூசில இருக்கு. சீழ் புடிச்ச குதிரைய பாத்து முகம் சுளிச்சுட்டுப் போகாம நின்னு பாத்தாரே, அந்த மனுஷன நான் கையெடுத்து கும்பிடுவேன்.

சரி, புரதத்துக்கு வருவோம், அதுவும் லேசுப்பட்டதில்ல. கொரோனா மேல முள்ளு முள்ளா நிக்குதே, ஸ்பைக், 1273 அமினோ அமிலம் கோத்த மாலை அது. பட்டன் குடை மாதிரி, செல்ல தொடுறதுக்கு முன்னாடி ஒரு வடிவம், தொட்டதும் படக்குன்னு மாறிடும். மாறுனத காட்டி என்ன பிரயோஜனம், மாறாததத்தான் உடம்புக்கு காட்டணும். அதுக்காக மாலைல ரெண்டு எடத்துல ப்ரோலின்ங்கிற அமிலத்த மாத்தி வச்சு பட்டன பூட்டிட்டாங்க. பார்னி கிரஹாம், ஜேசன் மெக்லெல்லன்னு விஞ்ஞானிங்க கொரோனாவுக்கு முன்னாடியே அதோட சொந்தக்கார வைரஸான மெர்ஸ்ல கண்டுபிடிச்ச பூட்டு இது. ஃபைசர், மாடர்னா ரெண்டுலயும் இதே பூட்டுதான்! அங்க ஊசில புரதம் செய்யற குறிப்பு (அதுதான் எம்ஆர்என்ஏ) மட்டும் வருது, தையல் உங்க உடம்புக்குள்ள நடக்குது, இங்க ஃபேக்டரில தைச்சு குடுக்குறாங்க, துணி ஒரே மாதிரி துணிதான். எம்ஆர்என்ஏன்னா பேய், புரதம்னா சாமின்னு பிரிச்சுக்காதீங்க.

புழு விஷயம். மக்காச்சோளத்த தின்னு தீக்குற படைப்புழு இருக்குல்ல, 1970கள்ல அதோட கூட்டுப்புழு சினைப்பைலேர்ந்து எடுத்த செல்கள ஆய்வுக்கூடத்துல வளத்து வளத்து பெருக்கிட்டு வர்றாங்க, அந்த செல்லுக்குள்ள பூச்சிங்கள மட்டும் தொத்துற ஒரு வைரஸ் வழியா ஸ்பைக் மரபணுவ அனுப்பி புரதத்த செய்ய வைக்கிறாங்க, அப்புறம் வடிகட்டி சுத்தம் பண்றாங்க. யாரும் புழுவ அரைக்கல. கர்ப்பப்பைவாய் புற்றுநோய்க்கான செர்வாரிக்ஸ் தடுப்பூசிக்கும் பூச்சி செல்தான். ஈஸ்ட்ல புரதம் செஞ்சு போடுற ஹெபடைடிஸ் பி ஊசி 1986லேர்ந்து இருக்கு.

இப்ப உங்க கேள்வி. இந்த ஊசிய பெரிய அளவுல சோதிச்சது அமெரிக்கா, மெக்சிகோவுல கிட்டத்தட்ட 30,000 பேர்கிட்ட, மூணுல ரெண்டு பங்கு பேருக்கு நிஜ ஊசி, ஒரு பங்கு பேருக்கு உப்புத் தண்ணி. கொரோனா வந்தது ஊசி போட்டவங்கள்ல 14 பேருக்கு, எண்ணிக்கைல பாதியே இருந்த உப்புத் தண்ணிக்காரங்கள்ல 63 பேருக்கு, அதாவது 90.4 சதவீத பாதுகாப்பு. நோய் முத்துனவங்க அத்தன பேரும் உப்புத் தண்ணி பக்கம். இது ஒமிக்ரான் வர்றதுக்கு முன்னாடி எடுத்த கணக்கு, அதனால தொத்தவே தொத்தாதுன்னு நினைக்காதீங்க. அபூர்வமா இதய தசை வீக்கம் இதுலயும் பதிவாகியிருக்கு, நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சு வாங்குறதுன்னா உடனே டாக்டர பாருங்க. ஊசில சேர்க்குற பாலிசார்பேட் 80ங்கிற பொருளுக்கு அலர்ஜி இருக்கறவங்களுக்கு இது வேணாம்.

நீங்க காத்திருந்தேன்னு எழுதுனத படிச்சப்ப எனக்கு மனசு பதறிடுச்சு, ஐரோப்பாவுல இதுக்கு 2021 டிசம்பர்லயே அனுமதி குடுத்தாச்சு, அமெரிக்காவுல 2022 ஜூலை 13, இதுக்கு நடுவுல எத்தன உயிர் போயிடுச்சு. இனிமே தள்ளாதீங்க. 2022 அனுமதிப்படி ரெண்டு டோஸ், நடுவுல மூணு வாரம், ரெண்டாவதுக்கு அப்புறம் கை வலியும் அசதியும் கொஞ்சம் கூடுதலா இருக்கும், ரெண்டு மூணு நாள்ல சரியாயிடும். போறன்னைக்கு ஏதாவது சாப்ட்டுட்டு போங்க, வெறும் வயித்தோட போகாதீங்க.