மூத்தவள் கடலுக்கு வரமாட்டேன் என்கிறாள்

கேள்வி:

மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு 15 வயது, பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருக்கிறாள். அடுத்தவன் 9 வயதுப் பையன். கடைக்குட்டிக்கு நான்கு வயது முடியப் போகிறது. கணவர் திண்டுக்கல்லில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். கடையை மூடிவிட்டு வெளியூர் போவது அவருக்கு அபூர்வம். இந்த மே மாதம் ராமேஸ்வரம் போகலாம் என்று அவரே சொன்னபோது எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

நான் வளர்ந்தது உச்சிப்புளியில். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தார். அரியமான் கடற்கரைக்குச் சைக்கிளிலேயே போய்விடுவோம். லீவு நாளில் கடலைவிட்டு ஏறவே மாட்டேன், அம்மா கம்பை எடுத்துக்கொண்டுதான் வருவார். அம்மா தவறிய பிறகு அண்ணன் வீட்டை விற்றுவிட்டு ராமநாதபுரம் டவுனுக்குப் போய்விட்டார். அதன் பிறகு அந்தப் பக்கம் போக எனக்குக் காரணமே இல்லாமல் போய்விட்டது. என் பிள்ளைகளுக்கு அந்தக் கடலைக் காட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

ஆனால் மூத்தவள், "நான் வரல, சித்தி வீட்ல இருந்துக்கறேன்" என்கிறாள். ஏன் என்று கேட்டால், "கடல்ல என்ன இருக்கு?" என்று எழுந்து போய்விடுகிறாள். முன்பு திருச்செந்தூர் போனபோதும் இப்படித்தான். நாங்கள் எல்லாரும் அலையில் நின்றோம். அவள் மட்டும் பை, செருப்புகளுக்குப் பக்கத்தில் சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். தண்ணீரில் காலே வைக்கவில்லை. மற்றபடி ரொம்பப் பொறுப்பான பிள்ளை. சின்னவனுக்கு ஊட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் அவள்தான். அவளிடம் விட்டுவிட்டால் எனக்குக் கவலையே இல்லை. அப்படிப்பட்டவள் இப்போது என்னிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டாள்.

நடுப்பையனை அதே திருச்செந்தூரில் ஒரு அலை புரட்டிப் போட்டுவிட்டது. அதிலிருந்து கடல் என்றாலே பயம். "தூக்கிட்டுப் போய் நாலு முக்கு முக்குனா எல்லாம் சரியாயிடும்" என்கிறார் இவர். மாமியாருக்கு முட்டி வலி. ஆனாலும் விடிகாலையில் ஸ்படிக லிங்க தரிசனம், அப்புறம் குடும்பத்தோடு 22 தீர்த்தமும் ஆட வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறார். இவர் போட்டிருக்கும் பட்டியலில் தனுஷ்கோடி, கலாம் நினைவிடம், குருசடைத் தீவு, தேவிபட்டினம், உத்தரகோசமங்கை எல்லாம் இருக்கின்றன. மூன்றே நாளில்!

மூத்தவளைக் கட்டாயப்படுத்தி அழைத்துப் போகலாமா, சித்தி வீட்டிலேயே விட்டுவிடலாமா, இல்லை பயணத்தையே நிறுத்திவிடலாமா? இந்த வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்துக்கொண்டு எப்படி ஒரு பயணம் போவது என்றே தெரியவில்லை.

பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பயணத்தை நிறுத்த வேண்டாம். ஊரைப் பற்றி எழுதும்போது உங்கள் கடிதமே வேறு குரலில் பேசுகிறது. ராமநாதபுரத்தில் வசிக்கும் எனக்கு அது நன்றாகவே புரிகிறது.

முதலில் மூத்தவளைப் பற்றிப் பேசுவோம். அவள் கடலை வெறுக்கிறாள் என்று உங்கள் கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. திருச்செந்தூரில் சின்னவன் அவள் மடியில் இருந்தான். கையில் மூன்று வயதுக்குழந்தை இருக்கும்போது யார் தண்ணீரில் இறங்க முடியும்? பை அவள் பக்கத்தில், செருப்புகள் அவள் பக்கத்தில், தம்பி அவளிடம். அன்று உங்கள் எல்லாருக்கும் சுற்றுலா, அவளுக்கு மட்டும் வேலை. ராமேஸ்வரத்திலும் இதேதான் நடக்கும் என்று அவள் நினைத்தால், சித்தி வீடு எவ்வளவோ நிம்மதி. "பொறுப்பான பிள்ளை" என்று நாம் பெருமையாகச் சொல்லும் பெண் குழந்தைகள் பலர், தாங்களும் பிள்ளைகள்தான் என்று காட்ட வழியில்லாமல் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள். இதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். பதினைந்து வயதுப் பெண், உடலோடு ஒட்டிய ஈரத் துணியுடன் நூறு பேர் நடுவில் கரையேறி வர வேண்டும். யார் பார்க்கிறார்கள், யார் போனில் படம் எடுக்கிறார்கள் என்று அவள் மனம் கூசும். அதை அப்பாவிடமும் பாட்டியிடமும் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்லவும் வெட்கம். "கடல்ல என்ன இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போவதுதான் அவளுக்குச் சுலபம். மாதவிடாய் நாட்களும் இதில் சேரும். அந்தத் தேதியில் பயணம் விழுந்தால் கோயிலுக்கு வர முடியாது, ஏன் வரவில்லை என்று அத்தனை பேருக்கும் தெரியும். ஆகவே டிக்கெட் போடும் முன் தேதியை அவளிடம் தனியாகக் கேளுங்கள். அவள் சொல்லும் நாட்களை விட்டுவிட்டு வேறு தேதி வையுங்கள். காரணத்தை வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் அவளிடம் நேராக ஒரு வாக்குக் கொடுங்கள்: "இந்த மூன்று நாளும் தம்பியைப் பார்த்துக்கொள்வது என் வேலையும் அப்பா வேலையும். உன்னை ஒரு தடவைகூடக் கூப்பிட மாட்டேன்." கொடுத்த வாக்கை எப்படியாவது காப்பாற்றுங்கள். "பாப்பாவைக் கொஞ்சம் பிடிம்மா, ஒரே நிமிஷம்" என்பது கணக்கில் வராது என்று நினைத்துவிடாதீர்கள், அவளுக்கு அதுதான் கணக்கு. இதில் உயிர் பயமும் இருக்கிறது. சின்னக் குழந்தை தண்ணீரில் மூழ்கும்போது பெரும்பாலும் கத்தாது, கையை வீசிக் கூப்பிடாது. முழங்கால் தண்ணீரிலேயே சத்தமில்லாமல் நடந்துவிடும். நான்கு வயதுக்காரன் கடலோரம் இருக்கும் நேரம் முழுக்க, கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர், போனைப் பையில் போட்டுவிட்டு அவனை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பதினைந்து வயதுப் பெண் தலையில் அந்தப் பொறுப்பை வைக்கக் கூடாது.

இந்தக் கரையில் வளர்ந்த உங்களுக்குக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கணவருக்காகச் சொல்கிறேன். மே மாதத்தில் தென்பக்கம், மன்னார் வளைகுடாவில், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று கிளம்பத் தொடங்கும். கடல் நாளுக்கு நாள் முரடாகும். அதே நாளில் வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெரும்பாலும் குளம் மாதிரிக் கிடக்கும். அதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் இங்கே சொல்வது வழக்கம். உங்கள் அரியமான் இருப்பது பெண் கடல் பக்கம். வெகுதூரம் வரை ஆழமில்லை, கரையில் சவுக்கு நிழல் உண்டு. உங்கள் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கடல் கிடையாது.

நடுப்பையனின் பயத்துக்கும் இந்த இடம்தான் சரி. தூக்கிக்கொண்டு போய் முக்கினால் பயம் போகாது. அப்பாவின் கையையும் சேர்த்து நம்பாமல் போய்விடுவான். இதை உங்கள் கணவரிடம் சண்டையாகச் சொல்லாதீர்கள், அவரும் மகன் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறார். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள்: முதல் நாள் பையனோடு ஈர மணலில் உட்கார்ந்து ஏதாவது கட்டட்டும். தண்ணீர் தானாக வந்து காலைத் தொடும். அடுத்த நாள் கணுக்கால் வரை போகலாம், கையைப் பிடித்துக்கொண்டு. எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என்பதைப் பையன் சொல்லட்டும், அப்பா கேட்கட்டும். அவன் திரும்பலாம் என்றால் அந்த நொடியே திரும்ப வேண்டும். திரும்ப முடியும் என்ற நம்பிக்கை வந்தால்தான் அடுத்த அடி எடுத்து வைப்பான். முழங்கால் வரைக்கும்கூட வராமல் ஊர் திரும்பினாலும் பரவாயில்லை. அக்கா முன்னால், தம்பி முன்னால் "பயந்தாங்கொள்ளி" என்ற சொல் மட்டும் யார் வாயிலும் வரக்கூடாது.

முடிந்தால் ரயிலில் வாருங்கள். மதுரை வழியாக வந்து பாம்பனில் கடலைக் கடக்கும் அனுபவம் காரில் கிடைக்காது. 1914இல் திறந்த பழைய பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்திருக்கிறார்கள். கப்பல் வரும்போது நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே 17 மீட்டர் உயரம் வரை மேலே எழும்பும். ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவரின் மகனுக்கு இதைவிட நல்ல கதை வேண்டுமா? அப்பாவே விளக்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால், பாம்பனிலும் மண்டபத்திலும் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். அதையும் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம்.

கணவரின் பட்டியலைப் பாதிக்கு மேல் வெட்டுங்கள். தேவிபட்டினமும் உத்தரகோசமங்கையும் இந்த முறை வேண்டாம். மே மாத வெயிலில் நான்கு வயதுக் குழந்தையால் ஒரு நாளில் ஒரு இடம்தான் முடியும். காலை பத்து பத்தரைக்குள் கரையை விட்டு ஏறிவிடுங்கள், திரும்ப வருவது நான்கு மணிக்கு மேல்தான். நடுவில் சாப்பாடு, தூக்கம். அந்த மதிய நேரத்தை வீண் என்று உங்கள் கணவர் நினைக்கலாம். ஆனால் சின்னவன் தூங்கவில்லை என்றால் மாலை முழுக்க அழுவான், அந்த அழுகையை அடக்க மறுபடி அக்காவைத்தான் எல்லாரும் திரும்பிப் பார்ப்பீர்கள்.

மாமியாரின் ஆசை நியாயமானது. ஆனால் அது அவருடைய ஆசை. ஸ்படிக லிங்க தரிசனத்துக்கு இருட்டிலேயே கிளம்ப வேண்டும். உங்கள் கணவர் அம்மாவை அழைத்துக்கொண்டு போகட்டும். தீர்த்தமாடும் இடங்களில் தரை வழுக்கும், முட்டி வலிக்காரருக்கு மகன் கை அவசியம். பிள்ளைகளை எழுப்ப வேண்டாம். வளரிளம் பருவத்தில் உடலின் தூக்கக் கடிகாரமே பின்னால் தள்ளிப் போகிறது. இரவு சீக்கிரம் தூக்கம் வராது, விடிகாலையில் விழிப்பது கடினம். மூத்தவள் நேரம் கழித்து எழுவதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிறகு ஒரு மாலையில் எல்லாரும் சேர்ந்து கோயிலுக்குப் போய் அந்த நீண்ட பிரகாரத்தில் நடந்துவிட்டு வரலாம்.

தனுஷ்கோடியை மூத்தவளுக்காக வைத்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பர் புயலில் ஒரே இரவில் அழிந்த ஊர், பயணிகளோடு ரயிலையே கடல் கொண்டுபோன இடம். இடிந்த தேவாலயமும் ரயில் நிலையமும் இன்னும் நிற்கின்றன. இந்த வயதில் மனசு இதையெல்லாம் ஆழமாக வாங்கிக்கொள்ளும். அவள் போனில் படம் எடுக்கட்டும், தனியாகக் கொஞ்சம் நடக்கட்டும், பின்னாலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்காதீர்கள். ஆனால் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. நீரோட்டம் பொல்லாதது, நீந்தத் தெரிந்தவரையும் இழுத்துவிடும். மாலைக்குப் பிறகு அங்கே வண்டிகளை விடமாட்டார்கள், அதனால் காலையிலேயே போய்விடுங்கள். சின்னவனைப் பாட்டியோடு அறையில் விட்டுவிட்டுப் போனால் எல்லாருக்கும் நல்லது. குருசடைக்கு வனத்துறைப் படகு காற்றைப் பொறுத்துத்தான் ஓடும். கிடைத்தால் போங்கள், பிள்ளைகளிடம் முன்கூட்டியே ஆசை காட்ட வேண்டாம்.

இனி உங்களைப் பற்றி. அம்மா இல்லாத ஊருக்கு முதல் தடவையாகப் போகிறீர்கள். அந்த வீடு, அந்தத் தெரு, கம்போடு வரும் அம்மா, இதெல்லாம் பிள்ளைகளுக்கு உங்களைப் போலத் தோன்றாது. நீங்கள் கண்கலங்கும் இடத்தில் சின்னவன் ஐஸ் கேட்பான். அப்போது வரும் வருத்தம் கோபமாக மாறி யார் மேலாவது விழும், பெரும்பாலும் மூத்தவள் மேல். அதனால் ஒரு காலை உச்சிப்புளிக்குத் தனியாகப் போய்விட்டு வாருங்கள். அழ வேண்டியதை அங்கேயே அழுதுவிடுங்கள். இதற்காக ஒரு மணி நேரம் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

அப்புறம், அரியமானில் நீங்கள் தண்ணீரில் இறங்க வேண்டும். சின்னவனை அப்பா பார்த்துக்கொள்ளட்டும். அடர்ந்த நிறத்தில் தடிமனான முழுக்கை டீ‌ஷர்ட்டும் பேண்டும் உங்களுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்து, கூட்டம் சேரும் முன் காலையில் போங்கள். "வா" என்று ஒரு தடவை கேளுங்கள், வராவிட்டால் நீங்கள் பாட்டுக்கு நீந்துங்கள். உங்களை அவள் அடுப்படியிலும் தம்பிகள் பின்னாலும்தான் பார்த்திருக்கிறாள். நீங்கள் நீந்துவீர்கள் என்பதே அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கட்டாயப்படுத்தாதீர்கள். தேதி, தம்பி பொறுப்பு, தூக்கம், உடை, எல்லாவற்றையும் அவளிடம் பேசிவிட்டு, இரண்டு நாள் யோசிக்க விடுங்கள். அதற்குப் பிறகும் வரவில்லை என்றால், கோபமோ குத்தலோ இல்லாமல் சித்தி வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். தினமும் போன் செய்யுங்கள், "நீ வந்திருக்கலாம்" என்று மட்டும் சொல்ல வேண்டாம். தோழிகளிடமும் பேசாமல் இருக்கிறாள், சாப்பாடும் தூக்கமும் மாறிவிட்டன, முன்பு பிடித்ததெல்லாம் பிடிக்கவில்லை என்பது போன்ற மாற்றங்கள் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், பயணத்தைத் தள்ளி வைத்துவிட்டு அவளை ஒரு மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற அரசின் டெலி‌மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. இரவில் அழைத்தாலும் எடுப்பார்கள்.