மியூட்டினி, லேட்டிட்யூட் – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

எங்கள் அலுவலக வாட்ஸாப் குழுவில் ஒரு ஃபார்வர்ட் வந்தது. ஓர் ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் புதுச் சொல் செய்து, அதற்கு அர்த்தமும் எழுத வேண்டும். அதிக ஐ.க்யூ. உள்ளவர்களின் சங்கமான மென்சா நடத்திய போட்டி என்று போட்டிருந்தது. அதிலிருந்து எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. எழுத்துக் கணக்கெல்லாம் பார்க்காமல் நான் செய்தவற்றில் மூன்று:

பாஸ்வர்ஸ்ட்: யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்று யோசித்து வைத்து, வைத்தவருக்கே மறந்துபோன பாஸ்வேர்ட்.

மியூட்டினி: ஆன்லைன் மீட்டிங்கில் மைக் அணைந்திருப்பதை உறுதி செய்துகொண்டு மேலாளரை எதிர்த்துப் பேசுவது.

லேட்டிட்யூட்: மீட்டிங்குக்குத் தாமதமாக வந்துவிட்டு, கொஞ்சமும் வெட்கப்படாமல், நேரத்துக்கு வந்து காத்திருக்கும் அப்பாவிகளிடம் 'இன்னும் ஆரம்பிக்கலையா?' என்று கேட்கும் திமிர்.

குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு சீனியர் மட்டும், 'இதெல்லாம் டிக்‌ஷனரியில் ஏறுமா? வேலையைப் பாருப்பா' என்றார். ஏறுமா சார்? ஏறாது என்றால் எதற்காக இதைச் செய்கிறோம்?

(பெயர் வேண்டாம்), திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

அந்த ஃபார்வர்டுக்கும் மென்சாவுக்கும் சம்பந்தமில்லை. வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை 1993 முதல் 2022 வரை 'ஸ்டைல் இன்விடேஷனல்' என்று வாராவாரம் ஒரு நகைச்சுவைப் போட்டி நடத்தியது. அதற்கு வாசகர்கள் அனுப்பியவை அவை. யாரோ நடுவில் மென்சா பெயரை ஒட்டிவிட்டார்கள். அதிமேதாவிகள் எழுதியது என்றால் நாம் கூடுதலாகச் சிரிப்போம் என்று நினைத்திருக்கலாம்.

அதில் 'இன்டாக்ஸிகேஷன்' என்று ஒன்று பிரபலம். வருமான வரி ரீஃபண்ட் வந்ததும் தலைக்கேறுகிற போதை; அது முதலிலிருந்தே நம் பணம்தான் என்று உறைக்கும்வரை நீடிக்கும். ஆங்கிலத்தில் இந்த ஜோக்குக்கு 'ஓ' என்ற எழுத்தை எடுத்துவிட்டு 'ஏ' போட வேண்டும். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. போதைக்கான பழைய ஆங்கிலச் சொல்லை நாம் சொன்னாலே உள்ளே டாக்ஸ் இருக்கிறது.

சரி, சீனியரின் கேள்விக்கு வருகிறேன். ஏறாது. அமெரிக்க மொழியியலாளர் ஆலன் மெட்காஃப் 2002இல், எந்தப் புதுச் சொல் பிழைக்கும், எது சாகும் என்று ஒரு புத்தகமே எழுதினார். அவர் சொல்லும் தகுதிகளில் முக்கியமான ஒன்று, சொல் தன்னைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பது. கேட்டதும் 'அட, என்ன கெட்டிக்காரத்தனம்!' என்று திரும்பிப் பார்க்க வைக்கிற சொல்லை நாம் ரசிப்போம், நாலு பேரிடம் சொல்வோம். ஆனால் மறுநாள் பேச்சில் சாதாரணமாகப் பயன்படுத்த மாட்டோம். நம்மூர் அலுவலகங்களில் மீட்டிங்கை முன்னதாக மாற்றுவதை 'பிரிபோன்' என்கிறார்களே, யாராவது சிரிக்கிறார்களா? அது ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் ஏறிவிட்டது.

அகராதிக்காரர்களுக்கே இந்த சூட்சுமம் தெரியும். 2001இல் வந்த நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்கன் அகராதியில் 'எஸ்குவிவேலியன்ஸ்' என்று ஒரு பொய்ச் சொல்லை வேண்டுமென்றே நுழைத்தார்கள். அலுவல் கடமையைத் தெரிந்தே தட்டிக்கழிப்பது என்று அர்த்தம் போட்டார்கள். யாராவது காப்பியடித்தால் பிடிக்க வைத்த பொறி அது. பின்னால் ஓர் இணைய அகராதியில் தலைகாட்டவும் செய்தது. அதில் சிலேடை கிடையாது, சிரிப்பு கிடையாது, அதனால்தான் நம்பினார்கள். சொல்லைச் செய்தவர் அகராதி வேலையில் இருந்துகொண்டே இப்படி ஓர் அர்த்தத்தைத் தேர்ந்தெடுத்தாரே, அதுதான் எனக்குப் பிடித்தது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. புத்தகப் பின்னட்டையில் போடும் புகழுரையை நம் பதிப்பாளர்களும் 'பிளர்ப்' என்றுதான் சொல்கிறார்கள். ஜெலட் பர்ஜஸ் என்ற அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் 1907இல் புத்தக விற்பனையாளர்களின் விருந்து ஒன்றுக்காகத் தன் புத்தகத்துக்குத் தனி மேலட்டை போட்டார். அதில் ஒரு பெண் வாயருகே கையை வைத்துக்கொண்டு புத்தகத்தைப் பற்றிக் கூவுகிறாள். அவள் பெயர் பெலிண்டா பிளர்ப். 1914இல் அவரே, உங்களுக்கு இதுநாள்வரை தேவைப்பட்ட சொற்கள் என்று சொல்லி ஒரு முழு அகராதி போட்டார். அதில் பிளர்ப்புக்கு ஓர் அர்த்தம், பதிப்பாளர் எழுப்புவது போன்ற சத்தம். அந்த அகராதியிலிருந்து இன்றும் எல்லோர் வாயிலும் இருப்பது இந்த ஒன்றுதான். அந்தச் சங்கதிக்கு வேறு பெயர் இல்லை, புத்தகக்காரர்களுக்குத் தினமும் தேவைப்பட்டது, சொல்லுக்குள் பிரித்துக்காட்ட ஒரு சிலேடையும் இல்லை. ஜோக் எப்போதோ உதிர்ந்துவிட்டது, சொல் மட்டும் நின்றது.

ஆக, எதற்காகச் செய்கிறோம்? என்னைக் கேட்டால் இந்த விளையாட்டில் நாம் செய்வது சொல்லையே அல்ல, அர்த்தத்தைத்தான். பிரிட்டிஷ் நகைச்சுவை எழுத்தாளர்கள் டக்ளஸ் ஆடம்ஸும் ஜான் லாய்டும் 1983இல் 'தி மீனிங் ஆஃப் லிஃப்' என்ற வேடிக்கை அகராதியை எழுதியபோது புதிதாக ஒரு சொல்லைக்கூட உருவாக்கவில்லை. சாலைப் பலகைகளில் சும்மா கிடந்த ஊர்ப் பெயர்களை எடுத்துக்கொண்டு, பெயரில்லாமல் கிடந்த அனுபவங்களுக்கு வைத்தார்கள். வோக்கிங், லண்டன் பக்கத்தில் ஓர் ஊர். இவர்கள் புத்தகத்தில், எதற்காக வந்தோம் என்று தெரியாமல் சமையலறையில் நிற்பது. ஷூபரினெஸ் எஸ்ஸெக்ஸில் இருக்கும் ஊர். இங்கே அது, இன்னொருவர் எழுந்துபோன சூடு ஆறாத இருக்கையில் உட்காரும்போது வரும் சங்கடம். பஸ்ஸில் போகிற எல்லோருக்கும் இது தெரியும், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்த ஊர்ப் பெயருக்குப் பதில் வேறு எந்த ஊரைப் போட்டாலும் சிரிப்பு அப்படியே இருக்கும்.

இந்தக் கண்ணோடு உங்கள் மூன்றையும் பார்த்தேன். பாஸ்வர்ஸ்ட் சுமார். சொல் பிரமாதம், ஆனால் அதைப் படித்ததுமே அர்த்தம் புரிந்துவிடுகிறது; பிறகு நீங்கள் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

லேட்டிட்யூட் நல்ல கண்டுபிடிப்பு. வாக்கியத்தில்தான் கோளாறு. 'வெட்கப்படாமல்', 'அப்பாவி', 'திமிர்' எல்லாம் உங்கள் கோபம். அகராதி கோபப்படாது, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளும். இப்படிப் பாருங்கள்: 'தாமதமாக வந்தவருக்கு, காத்திருப்பவர்களிடம் "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்க உள்ள உரிமை.' திமிர் என்று நீங்கள் சொல்லிவிட்டால் படிப்பவருக்கு வேலையில்லை. உரிமை என்று போட்டால் திமிர் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

மியூட்டினியில் கைவைக்க ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் அதை எடுத்துக்கொண்டோம். டி.வி. விவாதத்தில் கத்துகிறவரின் சத்தத்தை அணைத்துவிட்டு, அவருக்கு நாம் பதில் சொல்கிறோமே, அதற்கும் அதுவே பொருந்துகிறது.