சுட்ட காய்கறியும் சீஸும் இரவுச் சாப்பாடாகலாமா?

கேள்வி: நான் களுவாஞ்சிக்குடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 61. பிறஷருக்கு லொசாட்டனும், நீரிழிவுக்கு மெற்போமினும் கிளிக்லசைட்டும் எடுத்து வருகிறேன். கனடாவிலிருந்து வந்த மகள் கத்தரிக்காய், கறிமிளகாய், தக்காளி ஆகியவற்றைத் தோசைக்கல்லில் சுட்டு, ஹலூமி என்ற சீஸையும் வாட்டிச் சேர்த்து ஒரு சலாட் செய்து தந்தாள். நான்கு நாட்கள் இரவில் அதை மட்டுமே சாப்பிட்டேன். ஐந்தாம் நாள் காலை பிறஷர் 158/94 என்று காட்டியது. முந்தைய இரவு கை நடுங்கி, உடல் வியர்த்தது. சுட்ட உணவு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?

பதில்: அம்மா, நீங்கள் குறிப்பிட்ட இரண்டு தொல்லைகளுக்கும் காய்கறியைச் சுட்டது காரணமன்று. பிறஷர் கூடியதற்குச் சீஸில் இருந்த உப்பும், கை நடுங்கியதற்கு அன்றிரவு மாப்பொருள் எதுவும் உண்ணாமல் மாத்திரையை மட்டும் எடுத்ததும் காரணமாக இருக்கலாம் என்றே கருதுகிறேன்.

இவற்றுள் நடுக்கமே அவசரமானது. கிளிக்லசைட், கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மருந்து. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். வழமையாக இரவில் புட்டோ இடியப்பமோ உண்டு வந்த நீங்கள், அதே அளவு மாத்திரையுடன் கத்தரிக்காயும் சீஸும் மட்டும் உண்டபோது, குருதியில் சீனியின் அளவு தாழ்ந்திருக்கக்கூடும். மீண்டும் நடுக்கமோ வியர்வையோ படபடப்போ வந்தால், சீனி அளக்கும் மானி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அளந்து பாருங்கள். அளவு தாழ்ந்திருந்தாலோ, மானி அருகில் இல்லாவிட்டாலோ, காத்திராமல் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடங்களின் பின் மீண்டும் பாருங்கள். சலாட் உண்ணும் இரவுகளில் ஒரு சிறு கோப்பை சிவப்பரிசிச் சோற்றையோ அவித்த கடலையையோ சேர்த்துக்கொள்ளுங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்க வேண்டாம். நடந்ததை அடுத்த கிளினிக் நாள் வரை வைத்திருக்காமல் இந்த வாரமே உங்கள் வைத்தியரிடம் கூறுங்கள்.

இனி உப்பு. ஹலூமி, சைப்பிரஸ் தீவுக்குரிய, உப்புநீரில் ஊறவைக்கப்படும் சீஸ். அதன் 100 கிராமில் ஏறத்தாழ 2.5 முதல் 3 கிராம் வரை உப்பு இருக்கும். வளர்ந்தவர் ஒருவர் ஒரு நாளில் உண்ணும் மொத்த உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் அறிவுரை. ஆகவே மூன்று தடித்த துண்டுகளே அந்த அளவில் பாதியை எடுத்துவிடும். பகலில் கருவாட்டுக் குழம்போ ஊறுகாயோ இருந்திருந்தால் மீதியும் அதிலேயே போயிருக்கும். கடையில் வாங்கும்போது பொதியில் சோடியத்தின் அளவைப் பார்த்து, அதை இரண்டரையால் பெருக்குங்கள். வருவதே உப்பின் அளவு. சோடியம் குறைந்தது என்று விற்கப்படும் மாற்று உப்புகளில் பொட்டாசியம் இருப்பதால், குருதியில் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடிய லொசாட்டனை எடுக்கும் நீங்கள் அவற்றை வைத்தியரிடம் கேளாமல் வாங்க வேண்டாம்.

மகளின் உணவை விட்டுவிட வேண்டியதில்லை; சீஸை மாற்றினால் போதும். ஒரு லீற்றர் பசும்பாலைக் கொதிக்கவைத்து, அடுப்பைத் தணித்து, தேசிக்காய்ச் சாற்றைச் சிறிது சிறிதாக விட்டுக் கிளறுங்கள். பால் திரிந்து, இளம்பச்சை கலந்த நீர் தெளிவாகப் பிரிந்ததும் துணியில் வடித்து, புளிப்புப் போகக் குளிர்ந்த நீரில் அலசி, பாரம் வைத்து ஒரு மணி நேரம் அழுத்துங்கள். உப்பே சேராத இந்தக் கட்டி, புளிப்பால் திரிந்தது என்பதால் கல்லில் உருகி ஓடாது, பொன்னிறமாக வாடும். எருமைப்பாலில் கட்டி கூடுதலாகக் கிடைக்கும் என்றாலும், அதன் கொழுப்பு பசும்பாலைவிட ஏறத்தாழ இருமடங்கு என்பதால் உங்களுக்குப் பசும்பாலே ஏற்றது.

கத்தரிக்காய் எண்ணெயைப் பஞ்சுபோல் உறிஞ்சும். ஆகவே கல்லில் எண்ணெயை ஊற்றாமல், விரலளவு தடிப்பில் வெட்டிய துண்டுகளின் மேல் மெல்லப் பூசி, நன்றாகச் சூடான கல்லில் வைத்து அசைக்காமல் விடுங்கள். அடிப்பக்கம் சிவந்தால் துண்டு தானாகவே கல்லைவிட்டுக் கிளம்பும். அதற்கு முன் பிரட்டினால் பிய்ந்துபோகும். கருகிய ஓரங்களை வெட்டி எறியுங்கள். உப்புக்குப் பதிலாகத் தேசிக்காய்ச் சாறு, மிளகுத்தூள், இடித்த உள்ளி ஆகியவை போதுமான சுவை தரும். நம் ஊர் வெப்பத்தில் செய்து வைத்த சலாட்டை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக்கூடாது.

158/94 என்ற ஒரே அளவீட்டைக் கொண்டு மருந்தை மாற்ற மாட்டோம். ஒரு வாரம் காலையும் மாலையும், ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்த பின் இரண்டு முறை அளந்து, கொப்பியில் எழுதிக்கொண்டு வாருங்கள். அதற்கிடையில் மேல் எண் 180ஐத் தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கடும் தலைவலி, பார்வை மங்கல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று வந்தால், அந்தக் கொப்பிக்காகக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். பேச்சுக் குழறலோ நெஞ்சுவலியோ வந்தால், எண் எதுவாக இருந்தாலும் செல்ல வேண்டும்.