கால் நீண்டால் கை குட்டையாகத் தெரியுமா?

கேள்வி: எனக்கு வயது 25. உயரம் 164 செ.மீ.; கைகளை விரித்து அளந்தால் 163 செ.மீ. வருகிறது. தொடையெலும்பை நீட்டும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு 7 செ.மீ. வளர எண்ணுகிறேன். அதன்பின் கால் மட்டும் நெட்டையாகி, உடல் பொருத்தமற்றுத் தோன்றுமோ என்று தயங்குகிறேன். என்ன செய்யலாம்?

பதில்: கைகளையும் அளந்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள்; பலர் அதைச் செய்வதில்லை. பெரியவர்களுக்குப் பொதுவாகக் கைவிரிப்பும் உயரமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். சிகிச்சைக்குப் பின் உங்கள் உயரம் 171 ஆனாலும் கைவிரிப்பு 163-இலேயே நிற்கும். நேராக நின்று கைகளைத் தொங்கவிட்டால், விரல் நுனி இடுப்பிலிருந்து முன்பு எட்டிய அதே தொலைவைத்தான் எட்டும். முழங்கால்தான் அதைவிட்டு 7 செ.மீ. கீழே இறங்கியிருக்கும். கைவிரிப்பு உயரத்தைவிட அதிகமாக உள்ளவர்களுக்கு இந்த வேறுபாடு அவ்வளவாகக் கண்ணில் படாது; உங்களுக்கு அந்த வசதி இல்லை.

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது தொடைக்கும் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்புக்கும் இடையிலான விகிதம். கீழ்க்கால் எலும்பு தொடையெலும்பின் நீளத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இருப்பது வழக்கம். எடுத்துக்காட்டாக, தொடையெலும்பு 42, கீழ்க்கால் எலும்பு 34 செ.மீ. என்று கொண்டால் விகிதம் 0.81, தொடையில் மட்டும் 7 செ.மீ. கூட்டினால் அது 0.69 ஆகச் சரிந்துவிடும். நிற்கும்போது முழுக்கால்சட்டை இதை மறைத்துவிடும். நாற்காலியில் அமரும்போது மறைக்க முடியாது: முழங்கால் முன்பைவிட 7 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டு முன்வரிசை இருக்கையில் இடிக்கும். தொடைக்குப் பதிலாகக் கீழ்க்கால் எலும்பை அறுவையால் நீட்டினால் முழங்கால் மேலே எழும்பி, மேசையின் அடியில் தட்டும்.

செயல்முறையையும் சொல்லியாக வேண்டும். 1950களில் சோவியத் நாட்டின் குர்கான் நகரில் மருத்துவர் இலிசரோவ் வகுத்த நெறியே இன்றும் அடிப்படை: எலும்பை வெட்டி, சில நாட்கள் பொறுத்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. வீதம், பெரும்பாலும் கால் மில்லிமீட்டராக நான்கு முறை, விலக்கிக்கொண்டே போக வேண்டும். 7 செ.மீ. என்றால் விலக்கவே சுமார் 70 நாட்கள் ஆகும். இடைவெளியில் உருவாகும் புது எலும்பு கெட்டிப்பட மேலும் பல மாதங்கள் பிடிக்கும். எலும்பு நீளும் வேகத்துக்குத் தசையும் நரம்பும் எளிதில் ஈடுகொடுப்பதில்லை. தொடையை நீட்டினால் முழங்கால் இறுகிப்போகலாம். கீழ்க்காலை நீட்டினால் குதிகால் தசைநாண் இழுத்துப் பாதம் தரையில் முழுமையாகப் பதியாமல் போகலாம். வெட்டிய எலும்பு ஒன்றுசேராமை, தொற்று, நரம்புப் பாதிப்பு ஆகியவையும் நேரக்கூடும். கால் எவ்வளவு நீளம் என்று தெருவில் யாரும் அளப்பதில்லை. நடை கோணலானால் மட்டும் எல்லோரும் கவனிப்பார்கள்.

ஆகவே 7 என்ற எண்ணை முதலில் கைவிடுங்கள். அறுவை செய்துகொள்வதே உறுதி என்றால், தொடையில் 5 செ.மீ. அளவோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நின்ற நிலையில் இடுப்பு முதல் கணுக்கால் வரை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி, உங்கள் எலும்புகளின் உண்மையான அளவையும், இடுப்பிலிருந்து கணுக்காலுக்குச் செல்லும் நேர்கோடான காலின் அச்சு, நீட்டிய பின் முழங்காலில் எப்பக்கம் நகரும் என்பதையும் காகிதத்தில் வரைந்து காட்டச் சொல்லுங்கள். வரைந்து காட்டத் தயங்கும் மருத்துவரிடம் காலை ஒப்படைக்க வேண்டாம்.