பீரோவுக்குள் தேனீ, மீட்டர் பெட்டிக்குள் தேனீ: கேள்வி பதில்

வீட்டில் வந்து குடியேறிய தேனீக்களைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் தேனீயை உயிரோடு எடுத்துத் தோப்புக்குக் கொண்டுபோய் வைப்பதுதான் என் வேலை.

பாதிப் பேர் "தேனீ" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தேனீ? உயரத்தில், திறந்த வெளியில், ஒரே ஒரு பெரிய அடை தொங்கினால் மலைத்தேனீ. இருட்டான பொந்துக்குள் பல அடைகள் பக்கம் பக்கமாக இருந்தால் அடுக்குத் தேனீ. செடிக் கிளையில் உள்ளங்கை அளவுக்கு ஒற்றை அடை என்றால் கொம்புத் தேனீ. சுவர் விரிசலில் பிசினால் செய்த சின்னக் குழாய் நீட்டிக்கொண்டு, கொசு மாதிரி பூச்சிகள் போய் வந்தால் கொசுத் தேனீ. பெட்டியில் வைத்து வளர்க்கக்கூடியவை அடுக்குத் தேனீயும் கொசுத் தேனீயும்தான். இதைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள், பாதிக் கேள்வி குறைந்துவிடும்.

திருநகர் அக்கா: வராண்டாவில் பழைய இரும்பு பீரோ கிடக்கிறது. பூட்டுத் துவாரம் வழியாகத் தேனீ போய் வருகிறது. திறக்கவே பயமாக இருக்கிறது. என்ன செய்ய?

அக்கா, திறக்காமல் இருந்ததே நல்லது. அடுக்குத் தேனீ இப்படி இடத்தைத்தான் தேடும்: இருட்டு, மழை படாத கூரை, ஒரு சின்ன வாசல். கதவின் உள்பக்கத்தோடு அடை ஒட்டியிருந்தால், திறக்கும்போது புழு அடை பிய்ந்து விழும். அதற்குப் பிறகு அவற்றுக்கு வரும் கோபத்துக்கு நாம் பொறுப்பு.

வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், நீங்களே செய்யச் சொல்லி அல்ல. நாள் சாயத் தொடங்கும்போது ஆரம்பிப்போம். புகைப்பானில் காய்ந்த தென்னை நாரைப் போட்டு, வாசலில் இரண்டு மூன்று முறை லேசாகப் புகை காட்டினால் போதும். மூச்சுத் திணறும் அளவுக்கு ஊதினால் கூட்டமே கிளம்பி ஓடிவிடும். பிறகு கதவை மெதுவாகத் திறந்து ஓரத்து அடையிலிருந்து வெட்டிக்கொண்டு வருவோம். ஒவ்வொரு அடையிலும் மேலே தேன், கீழே முட்டையும் புழுவும். தேன் பகுதியைத் தனியாக எடுத்துவிட வேண்டும். அதைத் தேனீப் பெட்டிக்குள் வைக்கும் மரச் சட்டத்தில் கட்டினால் கனம் தாங்காது, எறும்பும் வரும். புழு அடையை மட்டும் சட்டத்தின் அளவுக்கு நறுக்கி, மேல் பக்கம் மேலாகவே வைத்து, வாழை நாரால் கட்டுவோம். அறைகள் லேசாக மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும், தலைகீழாகக் கட்டினால் கெட்டுப்போகும். வாழை நார்தான் நல்லது. அடையைச் சட்டத்தோடு ஒட்டிய பிறகு தேனீக்களே அதைக் கடித்து வெளியே தள்ளிவிடும்.

கட்டுவதற்கு முன் புழுவைப் பார்க்க வேண்டும். அறையை மூடப்போகும் பருவத்துப் புழு, பை மாதிரி நீர் கோத்துச் செத்துக் கிடந்தால் அது 'தாய் சாக்புரூட்' (தாய்லாந்தின் பெயர் கொண்ட வைரஸ்) நோய். 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் அடுக்குத் தேனீப் பெட்டிகளைக் காலி பண்ணியது அதுதான். அப்படி இருந்தால் வேறு பெட்டிகள் இருக்கும் தோப்புக்குக் கொண்டுபோகக் கூடாது.

ராணி பெட்டிக்குள் வந்துவிட்டதா என்பதை வாசலைப் பார்த்தே சொல்லலாம். வேலைக்காரத் தேனீக்கள் வால் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சிறகடித்து நின்றால் ராணி உள்ளே இருக்கிறது, மற்றவர்களை வாசனை விட்டுக் கூப்பிடுகிறார்கள். அதன் பிறகு பெட்டியை அதே இடத்தில் இருட்டும் வரை விட்டுவைக்க வேண்டும். மேயப் போனவை எல்லாம் திரும்பியதும் வாசலில் வலை அடித்து, இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோவோம். பக்கத்துத் தெருவில் வைத்தால் மறுநாள் பாதிக் கூட்டம் உங்கள் பீரோவைத் தேடி வந்து நிற்கும்.

அடுக்குத் தேனீ கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போவதில் கெட்டிக்காரி. அதனால் முதல் சில நாள் வாசலில் ராணித் தடுப்பு (வேலைக்காரத் தேனீ மட்டும் நுழையும் துவாரமுள்ள தகடு) போட்டு, இரவில் சர்க்கரைப் பாகு கொடுத்து, பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்த வேண்டும். தடுப்பை எடுக்க மறந்தால் ஆண் தேனீக்கள் உள்ளேயே சிக்கிச் சாகும்.

பீரோவை அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவி, துவாரத்தை அடைத்துவிடுங்கள். மெழுகு வாசனை இருந்தால் அடுத்த கூட்டம் வரும்.

மேலூர்த் தம்பி: மீட்டர் பெட்டிக்குள் அடுக்குத் தேனீ. ஒரு வீடியோ பார்த்துவிட்டு நானே எடுக்கலாம் என்று இருக்கிறேன்.

வேண்டாம். முதலில் மின்வாரியத்தில் சொல்லி லைன்மேன் வந்து இணைப்பை எடுக்கட்டும். தேன் ஒழுகிய மீட்டர் பெட்டியில் கத்தியை விடுவது தேனீயை விட ஆபத்து. இணைப்பை எடுத்த பிறகு கூப்பிடுங்கள். மண்ணெண்ணெய், பந்தம் பக்கமே போகாதீர்கள்.

சிம்மக்கல்: காலையில் என் ஸ்கூட்டர் ஹாண்டிலில் கொத்தாகத் தேனீக்கள். ஆபீஸ் போக முடியவில்லை.

பஸ்ஸில் போங்கள். அது கூடு இல்லை, வழியில் இளைப்பாறும் கூட்டம். பழைய ராணி ஒரு பங்குத் தேனீக்களோடு தாய்க்கூட்டை விட்டுக் கிளம்பியிருக்கிறது. வேவு பார்க்கப் போனவை புது இடத்தைக் கண்டுபிடித்து வந்து, கொத்தின் மேலேயே ஆடிக் காட்டி, எல்லாரும் ஒத்துக்கொண்டதும் கிளம்பிவிடும். சில மணி நேரம், அதிகம் போனால் ஓரிரு நாள். கிளம்பும் முன் வயிறு நிறையத் தேன் குடித்திருக்கும், காக்க அடையும் குஞ்சும் கிடையாது. விருந்து சாப்பிட்டுத் திண்ணையில் சாய்ந்தவனைப் போல, யாரோடும் சண்டைக்கு வராது. தண்ணீர் பீய்ச்சாமல் இருந்தால் சரி.

வாடிப்பட்டி: எங்கள் கூட்டில் தேன் எவ்வளவு கிடைக்கும்?

தேனுக்காகக் கேட்பவர்களுக்கு நான் ஆள் இல்லை.

செல்லூர்: கதவு நிலையின் ஓட்டையில் கொசுத் தேனீ. பிள்ளைகள் இருக்கிற வீடு. எடுத்துவிடலாமா?

ஏன் எடுக்க வேண்டும்? கொட்டாது, அதற்குக் கொட்டும் கொடுக்கே இல்லை. ரொம்பச் சீண்டினால் முடிக்குள் புகுந்து கடிக்கும், அவ்வளவுதான். பிசின் குழாயின் ஓரத்தில் காவல் நிற்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். உள்ளே அடை என்று ஒன்று இருக்காது. மெழுகும் பிசினும் கலந்த குட்டிக் குட்டிப் பானைகளில் தேன் சேர்க்கும். நிலையை மாற்றுகிற அன்று சொல்லுங்கள், மரத்தோடு அறுத்து எடுத்துவிடலாம். அதுவரை அந்தக் குழாயில் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள்.

பெயர் வேண்டாம்: கரப்பான் ஸ்ப்ரே அடித்தால் போய்விடுமா?

போகாது, சாகும். சுவருக்குள் செத்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? அடையைக் குளிர்விக்கச் சிறகடிக்க ஆள் இல்லாமல், மதுரை வெயிலுக்கு மெழுகு இளகித் தேன் சுவரில் இறங்கும். புழுக்கள் அழுகி நாறும். எறும்பு வரும், மெழுகு அந்துப்பூச்சி வரும். பக்கத்துக் கூட்டுத் தேனீக்கள் அந்த விஷத் தேனைத் திருடிக்கொண்டு போய் அவையும் சாகும். கடைசியில் சுவரை இடித்துத்தான் ஆக வேண்டும். ஸ்ப்ரே அடித்த பிறகு என்னைக் கூப்பிட்டால் நான் வருவதில்லை.

அவனியாபுரம்: பூஜை அறைச் சுவரில் மண்ணால் கூடு கட்டுகிறது. தேனீயா?

மண் குளவி. கும்பலாக வாழாது, உங்களைச் சட்டை செய்யாது. கும்பலாக வாழும் பெரிய குளவியான கதண்டு என்றால் கதையே வேறு, தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள்.

கே.கே.நகர்: எங்கள் அடுக்குமாடியில் நான்காவது மாடி பால்கனிக்கு மேலே மலைத்தேனீ. உயிரோடு எடுத்து அழகர்மலையில் விட முடியுமா? செலவை அசோசியேஷன் பார்த்துக்கொள்ளும்.

முடியாது. நல்ல மனசோடு கேட்கிறீர்கள், ஆனால் மலைத்தேனீயை இடம் மாற்றித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால், அவர் புகை போட்டு விரட்டிவிட்டுத் தேன் அடையை மூட்டை கட்டுவார். அதன் பெயர் மீட்பு இல்லை. பூக்காலம் முடிந்ததும் அதுவே கிளம்பிவிடும். அதுவரை அந்தப் பால்கனிக் கதவைச் சாத்தி வையுங்கள், இரவில் அந்தப் பக்கத்து விளக்கை அணைத்துவிடுங்கள். வெளிச்சத்துக்கு வரும் தேனீதான் வீட்டுக்குள் விழுந்து மிதிபடுகிறது. போன பிறகு மெழுகைச் சுத்தமாகச் சுரண்டி, அந்த இடத்தில் வலை அடியுங்கள்.

நத்தம் வாத்தியார்: இதை நான் மறுக்கிறேன். எங்கள் தாத்தா கிளையோடு அறுத்து, கயிற்றில் இறக்கி, வேறு மரத்தில் கட்டியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மறுநாள் கூட்டம் அங்கேயேதான் இருந்தது.

ஐயா, வணக்கம். மறுநாள் இருந்திருக்கும். அடுத்த வாரம் இருந்ததா? குஞ்சு இருக்கும்வரை கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும், பிறகு அடையை அப்படியே போட்டுவிட்டுப் போய்விடும். நீங்கள் பார்த்தது கொம்புத் தேனீயாகவும் இருக்கலாம். அதைக் கிளையோடு வெட்டிப் பக்கத்தில் கட்டினால் சில சமயம் நிற்கும்.

நத்தம் வாத்தியார்: கொம்புத் தேனீக்கும் மலைத்தேனீக்கும் வித்தியாசம் தெரியாமலா சிறுமலை அடிவாரத்தில் வளர்ந்தோம்? அடை என் கை நீளத்துக்கு இருந்தது.

சரி ஐயா, மலைத்தேனீ என்றே வைத்துக்கொள்வோம். கிளை முழுசாக வந்ததால்தான் அந்த அளவுக்காவது நின்றது. அடையின் பிடிமானம் முழுக்க மேல் விளிம்பில்தான், தேனின் கனமும் அங்கேதான். மரத்தில் கிளையை அறுத்தீர்கள். கே.கே.நகரில் கான்கிரீட்டை எப்படி அறுப்பது?

ஒத்தக்கடை விவசாயக் கல்லூரி மாணவி: வியட்நாமில் மலைத்தேனீயை வளர்க்கிறார்கள் என்று படித்தேன். அது பொய்யா?

இல்லைம்மா, உண்மை. ஆனால் அவர்கள் தேனீயைத் தூக்கிக்கொண்டு அலைவதில்லை. தெற்கே சதுப்புக் காட்டில், இரண்டு கவைக்கம்புகளை நட்டு, அதன் மேல் ஒரு கட்டையைச் சாய்வாக வைக்கிறார்கள். முன்னால் பறக்க வெட்டவெளி, மேலே கொஞ்சம் நிழல். பருவத்துக்கு வரும் கூட்டம் அதுவாக அந்தக் கட்டையில் அடை கட்டும். தேன் பகுதியை மட்டும் வெட்டிக்கொண்டு புழு அடையை விட்டுவிடுவார்கள். நம் பக்கம் மரக் கிளையிலும் கட்டடத்திலும் அதே இடத்துக்கு வருஷா வருஷம் வருவதைப் பார்க்கிறோம் இல்லையா, அந்தக் குணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். உங்கள் கல்லூரி ஆனைமலை அடிவாரத்தில்தானே இருக்கிறது? பேராசிரியர்களிடம் கேட்டு ஒரு கட்டை வைத்துப் பாருங்களேன். நான் வந்து குழி தோண்டித் தருகிறேன்.

நத்தம் வாத்தியார்: ஆக, மலைத்தேனீயை நம் வழிக்குக் கொண்டுவரலாம் என்று ஒத்துக்கொள்கிறீர்கள்.

வரவழைக்கலாம் என்று ஒத்துக்கொள்கிறேன். கொண்டுபோகலாம் என்று இல்லை.

உசிலம்பட்டி: குலசாமி கோயில் ஆலமரத்தில் ஏழெட்டு மலைத்தேன் அடைகள். அடுத்த வாரம் பொங்கல் வைக்கிறோம். எடுக்க வருவீர்களா?

இவ்வளவு நேரம் என்ன பேசிக்கொண்டிருந்தோம்? எடுக்க முடியாது. ஆனால் நல்ல நேரத்தில் கேட்டீர்கள். அடுப்பை மரத்தடியில் மூட்டாதீர்கள், காற்று வாக்குப் பார்த்துத் தள்ளிப் போடுங்கள். மரத்துக்குப் புகை போனாலோ, வெடி வெடித்தாலோ கூட்டம் இறங்கும். இறங்கினால் கையை வீசாமல், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நேராக ஓடி, கதவைச் சாத்தக்கூடிய வீட்டுக்குள்ளோ வண்டிக்குள்ளோ போய்விட வேண்டும். கிணற்றில் குதிக்காதீர்கள், தலை வெளியே வரும்வரை மேலேயே சுற்றும். வயசானவர்களையும் கைக்குழந்தைகளையும் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

திருமங்கலம்: கொட்டினால் சுண்ணாம்பு தடவலாமா?

முதலில் கொடுக்கை எடுங்கள். எப்படி எடுப்பது என்பதை விட எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் முக்கியம், பிய்ந்து வந்த பிறகும் விஷப்பை சுருங்கி விரிந்து விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். இடத்தைக் கழுவுங்கள், கொட்டிய இடத்தில் வரும் வாசனை மற்றதையும் கூப்பிடும். பிறகு ஐஸ். உதடு வீங்கினால், மூச்சு இழுத்தால், தலை சுற்றினால் உடனே 108.

சோழவந்தான்: பழைய ஸ்பீக்கர் பெட்டியில் தேனீ. எடுத்தால் தேன் எத்தனை கிலோ வரும்?

வாடிப்பட்டிக்குச் சொன்னதே.

பரவை: மண்ணெண்ணெய் ஊற்றினால்...

கூடாது.

ஆரப்பாளையம்: வீட்டில் தேன் கூடு கட்டினால் லட்சுமி கடாட்சமா, ஆகாதா? மாமியார் ஒன்று சொல்கிறார், அம்மா ஒன்று சொல்கிறார்.

இரண்டு பேருக்கும் நடுவில் நான் வரவில்லைம்மா. சுவரில் ஓட்டை இருக்கிறது என்பது மட்டும் நிச்சயம்.

அலங்காநல்லூர்: தென்னந்தோப்பில் வைக்க அடுக்குத் தேனீக் கூட்டம் தருவீர்களா? எந்தப் பெட்டி வாங்க?

மருந்து அடிக்காத தோப்பு என்றால் தருகிறேன். பக்கத்தில் முருங்கையும் புங்கமும் இருந்தால் இன்னும் சந்தோஷம். நியூட்டன் பெட்டி வாங்குங்கள், அடுக்குத் தேனீயின் உடம்புக்கு ஏற்ற அளவு. ஆப்பிள் நியூட்டன் இல்லை, 1911 முதல் 1917 வரை தென்னிந்தியாவில் தேனீ வளர்ப்புக் கற்றுக்கொடுத்த பாதிரியார் நியூட்டன்.

நத்தம் வாத்தியார்: தாத்தா அறுத்த அந்த மரம் இன்னும் நிற்கிறது. பூக்காலத்தில் வாருங்கள், நேரில் காட்டுகிறேன்.

கண்டிப்பாக வருகிறேன் ஐயா. அதற்குள் கிளைகளில் பழைய அடையின் மெழுகுத் தழும்பு எங்கெங்கே இருக்கிறது என்று கீழே நின்றே பார்த்து வையுங்கள். அரிவாளும் கயிறும் வேண்டாம். இந்த வயதில் நீங்கள் மரம் ஏறவும் வேண்டாம்.