மார்ச் 31இல் அவர் ஒப்பந்தம், ஏப்ரல் 1இல் உங்கள் பதவி

கேள்வி: ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருக்கிறேன். குளிர்வித்த அணுக்களில் ஆய்வு. ஆராய்ச்சித் துறைக்கான ப்ரோரெக்டர் (துணை ரெக்டர்) பொறுப்புக்கு என்னை முன்மொழிய ரெக்டர், அதாவது பல்கலைக்கழகத் தலைவர், விரும்புகிறார். ஏப்ரல் 1 முதல் பதவி. மனைவிக்குச் சம்மதம், மகளுக்கு ஒரே பெருமை. இயற்பியல் மேதைகள் ரோண்ட்கனும் பிளாங்கும் ரெக்டராக இருந்தவர்கள்தானே என்று தைரியம் சொல்லிக்கொள்கிறேன். லேபில் நான்கு பி.எச்டி. மாணவர்கள். மூத்த மாணவியின் ஒப்பந்தம் மார்ச் 31இல் முடிகிறது. வெற்றிடக் கலனில் சின்ன லீக் ஒன்று இருக்கிறது, அதை அவர் பார்த்துக்கொள்கிறார். இந்தப் பதவி என் ஆராய்ச்சியை முடக்கிவிடுமா? (நவம்பரில் வந்த கடிதம், பெயர் வெளியிட வேண்டாம் என்கிறார்)

பதில்: முடக்கும். இதை உங்களுக்குத் தெரியாத செய்தியாக நான் சொல்லவில்லை. எந்தப் பேராசிரியர் இந்தக் கேள்வியைக் கேட்டாலும் மனதுக்குள் முடிவை எடுத்துவிட்டுத்தான் கேட்பார். எனவே அதை விட்டுவிட்டு, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட அந்த ஒரு வரிக்கு வருகிறேன்.

அந்த மாணவியின் ஒப்பந்தம் மார்ச் 31இல் முடிகிறது. உங்கள் பதவி ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. இரண்டு தேதிகளையும் ஒரே கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் அடுத்தடுத்து நிற்பது உங்கள் கண்ணில் படவில்லையா, அல்லது படாமல் பார்த்துக்கொண்டீர்களா?

"சின்ன லீக்" என்கிறீர்கள். சரி, கணக்குப் போடுவோம். 10⁻¹⁰ மில்லிபார் அழுத்தத்தில் இருக்கவேண்டிய கலன் அதைவிட நூறு மடங்கான 10⁻⁸இல் நின்றுவிட்டால், அணுக்களைப் பிடித்துவைக்கும் பொறியில் அவை தங்காது, அளவீடும் கிடையாது. முதலில் அது லீக்தானா என்றே தெரியவேண்டும். கலனில் மிச்சமிருக்கும் வாயுக்களை மூலக்கூறு நிறைப்படி பிரித்துக் காட்டும் எச்ச வாயுப் பகுப்பானில் நிறை 18 மட்டும் உயர்ந்து நின்றால் அது சுவரில் ஒட்டிய நீர், சூடாக்கினால் போய்விடும். நைட்ரஜனின் 28, ஆக்சிஜனின் 32, கூடவே ஆர்கானின் 40 தெரிந்தால்தான் வெளிக்காற்று உள்ளே வருகிறது என்று அர்த்தம். அப்புறம் ஹீலியத்தை ஒவ்வொரு பிளாஞ்சாக (கலனின் பாகங்களை இணைக்கும் விளிம்பு) வெளியிலிருந்து தெளித்துத் தேடவேண்டும், அதுவும் மேலிருந்து கீழாக. கீழிருந்து தொடங்கினால் ஹீலியம் மேலேறி, நன்றாக இருக்கிற பிளாஞ்சைக் குற்றவாளியாகக் காட்டும். இடம் தெரிந்தபின் கலனைத் திறந்து, பிளாஞ்சை அடைக்கும் செம்பு வளையத்தைப் புதிதாகப் போட்டு, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கவேண்டும். பழைய வளையத்தையே திரும்பப் போட்டாலும், ஒரு பக்கத்தை மட்டும் முதலிலேயே இறுக்கினாலும் மறுபடி ஒழுகும். பிறகு ஒன்றிரண்டு வாரம் 150 டிகிரிக்கு மேல் சூடாக்கவேண்டும். கண்ணாடி ஜன்னல்கள் இருப்பதால் அவசரப்பட்டு ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது, விரிசல் விடும். அது ஆறி, லேசர்களை மீண்டும் ஒருங்கமைத்து, முதல் நல்ல தரவு வரும்போது பிப்ரவரி ஆகிவிடும். எல்லாம் முதல் தடவையே சரியாக நடந்தால்தான் அதுவும். ஆய்வேட்டை அவர் எப்போது எழுதுவார்?

ஏப்ரலில்தான் எழுதுவார், சம்பளம் இல்லாமல். நீங்கள் அப்போது பல்கலைக்கழகத்தின் ஆட்சி மன்றமான செனட்டின் கூட்டத்தில் இருப்பீர்கள்.

ரோண்ட்கனையும் பிளாங்கையும் துணைக்கு இழுக்கிறீர்களே, அவர்கள் காலத்து ரெக்டர் பதவி பேராசிரியர்களிடையே முறைவைத்துச் சுற்றிவந்த பதவி. ரோண்ட்கன் வூர்ட்ஸ்பர்கில் ரெக்டராகப் பேசியது 1894 ஜனவரி 2இல். அடுத்த ஆண்டு நவம்பர் 8இல் எக்ஸ் கதிரைக் கண்டார். அவரால் அது எப்படி முடிந்தது? பொறுப்பு முடிந்து லேபுக்குத் திரும்பிவிட்டார், தனியாகவே வேலை செய்கிற மனிதர், அவருடைய குழாய்க்கு முன்னால் யாருடைய ஒப்பந்தமும் காத்திருக்கவில்லை. பிளாங்க் 1913-14இல் பெர்லினில் ரெக்டர். அவருக்குக் காகிதமும் பேனாவும் போதும், லீக் ஆக எதுவும் இல்லை.

உங்களுக்குப் பொருந்தும் உதாரணம் இயற்பியலாளர் யூர்கன் ம்லினெக். 1991இல் கான்ஸ்டன்ஸில் மாணவர் கார்னலோடு சேர்ந்து, தங்கத் தகட்டில் 8 மைக்ரோமீட்டர் இடைவெளியில் போட்ட இரண்டு பிளவுகள் வழியாக ஹீலியம் அணுக்களை அனுப்பி, அவை அலைபோல ஒன்றோடொன்று குறுக்கிடுவதைக் காட்டியவர். 1992இல் ஜெர்மனியின் பெரிய ஆராய்ச்சி விருதான லைப்னிட்ஸ் பரிசு. 1996இல் ஜெர்மன் ஆராய்ச்சி அறக்கட்டளையின் துணைத்தலைவர், 2000இல் ஹும்போல்ட் பல்கலைக்கழகத் தலைவர், 2005 முதல் 2015 வரை, ஆராய்ச்சி மையங்களின் கூட்டமைப்பான ஹெல்ம்ஹோல்ட்ஸ் சங்கத்தின் தலைவர். இன்னொரு இயற்பியலாளர் உல்ரிச் ரூடிகரும் அப்படித்தான்: 2009இல் கான்ஸ்டன்ஸ் ரெக்டர், 2018இல் ஆஹன் ரெக்டர். இந்தக் காலத்தில் இந்தப் பாதை ஒருவழிப் பாதை. அதில் தவறில்லை, பல்கலைக்கழகத்தை நடத்தவும் விஷயம் தெரிந்தவர் வேண்டும். போகிறவர் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகவேண்டும், அவ்வளவுதான்.

மகளுக்குப் பெருமை என்று எழுதினீர்கள். அந்த மாணவியும் ஒரு வீட்டின் மகள்தான். மூன்றரை வருடம் உங்கள் பெயரை நம்பி இருட்டறையில் உட்கார்ந்திருக்கிறார். நம்பி வந்த பிள்ளையைக் கரைசேர்க்காமல் ஊர்ப் பொறுப்புக்கு மாலை போட்டுக்கொள்பவரை நான் மதிப்பதில்லை, அவர் எவ்வளவு பெரிய விஞ்ஞானியாக இருந்தாலும். "அவர் பார்த்துக்கொள்கிறார்" என்பதை வேறொரு குடும்பத்துத் தகப்பன் சொன்னால் நீங்களே கோபப்படுவீர்கள்.

இனி செய்யவேண்டியது. இந்த வாரமே அவரை உட்காரவைத்துப் பேசுங்கள். ஒப்பந்தம் முடிவதற்கு மூன்று மாதம் முன்பே, அதாவது டிசம்பர் 31க்குள், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அவர் பதிவு செய்யவேண்டும்; தவறினால் வேலையில்லாக் கால உதவித்தொகை ஒரு வாரத்துக்கு நிறுத்தப்படலாம். அந்தத் தொகையும் நிகரச் சம்பளத்தில் 60 சதவீதம்தான். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர் என்றால் வேலையோடு விசாவும் ஆடும். எந்த நாட்டவர் என்று நீங்கள் எழுதவே இல்லை.

ரெக்டரிடம் பேரம் பேசுவது செனட் வாக்களிப்பதற்கு முன். வாக்களித்தபின் உங்கள் கையில் பிடி இருக்காது. அந்த மாணவிக்கு ஆறு மாத இடைக்காலச் சம்பளம், பதவிக்காலம் முழுவதும் லேபைப் பார்த்துக்கொள்ள ஒரு போஸ்ட்டாக் (பி.எச்டி. முடித்த ஆய்வாளர்) பணியிடம், உங்கள் வாரம் 8 அல்லது 9 மணி நேரப் பாடச்சுமையில் எவ்வளவு குறைப்பு, பதவி முடிந்ததும் ஓர் ஆராய்ச்சி செமஸ்டர்: நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். பணத்துக்கு உங்கள் திட்ட நிதியிலும் பாருங்கள். கூடுதல் செலவில்லாத கால நீட்டிப்புக்குப் பெரும்பாலும் இடமுண்டு, ஆனால் மிச்சப் பணம் இருந்தால்தான் அதனால் பயன். மற்ற மூவருக்கும் இரண்டாவது வழிகாட்டி ஒருவரை வழிகாட்டல் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள். வாய்ப்பேச்சில் ஒத்துக்கொண்ட சக பேராசிரியர் ஆறே மாதத்தில் மறந்துவிடுவார்.

தேதியையும் மாற்றக் கேளுங்கள். குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1இல் தொடங்குகிறது. அதற்குள் லீக்கை அடைத்துவிடலாம், ஆய்வேடும் சமர்ப்பித்தாகிவிடும். ஏப்ரலிலேயே ஆள் வேண்டும் என்று ரெக்டர் பிடிவாதம் பிடித்தால், இந்தமுறை வேறொருவரைப் பாருங்கள் என்று சொல்லிவிடுங்கள்.