பாலைவன நடைக்கு எதை வாங்கலாம், எதை விடலாம்: வாசகர் கேள்விகள்

அக்டோபர் பிறந்தால் கலிபோர்னியாவிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் ஒரே மாதிரிக் கடிதங்கள் வரத் தொடங்கும். வெயில் தணிந்துவிட்டது, பாலைவனத் தேசியப் பூங்காக்களான ஜோஷுவா ட்ரீக்கோ டெத் வேலிக்கோ காலையில் போய் மாலையில் திரும்பும் ஹைக்கிங், என்ன வாங்க வேண்டும்? அவற்றில் சில, சுருக்கி.

கேள்வி: நவம்பரில் நான்கு பேர் ஜோஷுவா ட்ரீயில் ரயன் மவுண்டன் ஏறப் போகிறோம். வாட்டர்ப்ரூஃப் பூட்ஸ் இல்லாமல் போகவே கூடாது என்கிறார்கள் கடையில். ஜோடி 190 டாலர். வாங்கலாமா? (வாசகி, இர்வைன்)

பதில்: வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் விற்பனைக்காரர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

வாட்டர்ப்ரூஃப் ஷூவில் மேல்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே மெல்லிய ஜவ்வு ஒன்று இருக்கும். வெளித் தண்ணீரை அது தடுக்கும். உள்ளே ஊறும் வியர்வையை ஆவியாக, மெதுவாக வெளியே விடும். மழையும் சேறும் உள்ள காட்டுப் பாதையில் அதற்கு வேலை உண்டு. டெத் வேலியின் ஃபர்னஸ் கிரீக்கில் ஆண்டு முழுக்கப் பெய்வதே சராசரியாக 2 அங்குலம் சொச்சம்தான். ஜோஷுவா ட்ரீயிலும் சில அங்குலத்தோடு சரி. அங்கே கால் நனைவது வியர்வையால். ஜவ்வு காற்றை உள்ளே விடாது, ஈரம் வெளியேறும் வேகத்தையும் குறைக்கும். காலுறை நனையும், தோல் ஊறி மெத்தென்றாகும், குதிகால் உராய்ந்து கொப்புளம் கிளம்பும். உச்சிக்குப் பக்கத்தில் கொப்புளம் வந்தால் அந்தக் காலோடுதான் கீழே இறங்கியாக வேண்டும்.

"பள்ளத்தாக்கில் ஓடையைக் கடக்க வேண்டியிருந்தால்?" என்று அடுத்த கேள்வி வரும். தண்ணீர் கணுக்காலுக்கு மேல் போனால் வாட்டர்ப்ரூஃப் ஷூவுக்குள்ளும் மேல்வாய் வழியாக இறங்கிவிடும். உள்ளே போன தண்ணீர் வடியாது. சயான் தேசியப் பூங்காவில் நேரோஸ் என்ற குறுகிய பள்ளத்தாக்கில் ஆற்றுக்குள்ளேயே நடக்கிறவர்கள் தண்ணீர் வடிந்தோடும் ஷூவைத்தான் தேடுகிறார்கள். ஆகப் பாலைவனத்தில் இந்த ஜவ்வுக்கு வேலை கிடையாது. பெட்டியில் ஜிடிஎக்ஸ் (GTX), டபிள்யூபி (WP) என்று வாட்டர்ப்ரூஃப் குறி போட்டிருந்தால் தள்ளி வையுங்கள். அதே மாடலில் ஜவ்வில்லாதது பெரும்பாலும் விலையும் குறைவு.

ரயன் மவுண்டன் போக வர 3 மைல், ஏற்றம் 1,050 அடி, பெரும்பகுதி கல் படிகள். அதற்கு மெஷ் துணியில் செய்த ட்ரெயில் ரன்னர் ஷூ தாராளமாகப் போதும். முன்விரல் பக்கம் ரப்பர் விளிம்பு சுற்றியிருக்கட்டும். முள்ளிலிருந்தும் கல் இடிப்பதிலிருந்தும் அது காப்பாற்றும். கடைக்குச் சாயங்காலம் போங்கள், கால் அப்போதுதான் வீங்கியிருக்கும். நடைக்குப் போடப்போகும் காலுறையையே போட்டுக்கொண்டு, வழக்கத்தைவிட அரை சைஸ் கூட்டிப் பாருங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். கடையில் சரிவுப் பலகை இருந்தால் கீழ்நோக்கி நின்று குதித்துப் பாருங்கள். விரல் முன்னால் இடித்தால் அந்த ஷூ வேண்டாம். மலை இறங்கும்போது நகம் கறுக்கும். வாங்கிய ஷூவை ஒரு வாரம் வீட்டுக்குள் மட்டும் போட்டு நடங்கள். அடிப்பாகத்தில் மண் படாதவரை திருப்பிக் கொடுப்பது சுலபம். காலுறை பருத்தியில் வேண்டாம், மெரினோ கம்பளியோ செயற்கை நூலோ பாருங்கள்.

கேள்வி: ஆன்லைன் மறுவிற்பனைத் தளம் ஒன்றில் "புதியது, ஒருமுறைகூடப் போடாதது" என்று போட்டு விற்ற பிரபல பூட்ஸை 120 டாலருக்கு வாங்கினேன். டெத் வேலி கோல்டன் கேன்யனில் ஒரு மைல் போவதற்குள் இரண்டு காலிலும் அடிப்பாகம் கழன்றுவிட்டது. கயிறு போட்டுக் கட்டித் திரும்பினேன். "நீங்கள் போட்டு நடந்துவிட்டீர்கள், ரிட்டர்ன் கிடையாது" என்கிறார் விற்றவர். (வாசகர், பீனிக்ஸ்)

பதில்: உங்கள் மேல் துளியும் தப்பில்லை. விற்றவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம், ஒருமுறைகூடப் போடாததாகவே இருக்கலாம். அதுதான் சிக்கல்.

பல பூட்ஸ்களில் குதிகாலுக்கும் அடி ரப்பருக்கும் நடுவே உள்ள மெத்தைப் பகுதி பாலியூரித்தேன் நுரையில் செய்தது. காற்றிலுள்ள ஈரம் பட்டுப் பட்டு அந்தப் பொருள் உள்ளுக்குள்ளேயே சிதையும். ஷூ உழைக்காமல் அலமாரியில் கிடந்தாலும் சிதைவு நிற்காது. செய்து ஐந்து முதல் பத்து ஆண்டுகளில், வெளிப்பார்வைக்குப் பளபளப்பாக இருக்கும்போதே, மெத்தை பழைய ரஸ்க் போல உதிர்ந்துவிடும். ஒட்டியவரின் குறை என்று நினைத்துப் பசை போட்டுப் பயனில்லை. பசை பிடித்துக்கொள்ள அங்கே கெட்டியான பொருளே மிஞ்சியிருக்காது.

பணத்துக்கு வருவோம். கழன்ற அடிப்பாகத்தையும், நாக்குப் பட்டையின் உள்பக்கம் தைத்திருக்கும் லேபிளையும் படம் எடுங்கள். பல கம்பெனிகள் தயாரித்த மாதமும் ஆண்டும் அதில் அச்சிடுகின்றன. விற்பனை விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட்டையும் சேர்த்து, முதலில் அந்தத் தளத்தின் வாங்குபவர் பாதுகாப்புப் பிரிவுக்கு "விவரித்தபடி பொருள் இல்லை" என்று புகார் போடுங்கள். அவர்கள் கைவிரித்தால் கிரெடிட் கார்டு வங்கியிடம் டிஸ்ப்யூட் எழுப்புங்கள். அந்தச் செலவு வந்த முதல் ஸ்டேட்மென்டிலிருந்து 60 நாட்களுக்குள் எழுத்தில் அனுப்புவது நல்லது. விற்றவரோடு பேசிப் பேசியே அந்த நாட்களைக் கழித்துவிடாதீர்கள்.

இனி பழைய ஸ்டாக் வாங்கும் யாரும் மெத்தைப் பகுதியைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். மீண்டு வராமல் பள்ளம் நின்றாலோ, மெல்லிய கோடுகள் விட்டாலோ, பிசுபிசுத்தாலோ வேண்டாம்.

கேள்வி: நடைக்கு எந்த வாட்டர் ஃபில்டர் நல்லது? (வாசகர், சான் டியாகோ)

பதில்: எதுவும் வேண்டாம். ஜோஷுவா ட்ரீயின் உள்பகுதியில் வடிகட்டும் அளவுக்கு நம்பத் தகுந்த தண்ணீரே இல்லை. வாயிலிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு லிட்டர் ஸ்டீல் ஃபிளாஸ்க் நான்கு வாங்கவா, குழாய் வைத்த 3 லிட்டர் தண்ணீர்ப் பையா? (வாசகி, ஃப்ரீமான்ட்)

பதில்: பூங்கா நிர்வாகம் சொல்லும் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 1 கேலன், கடுமையாக நடந்தால் 2 கேலன். ஒரு கேலன் 3.8 லிட்டர், எடை 3.8 கிலோ. அதற்கு மேல் சுமக்கும் பாத்திரம் லேசாக இருக்க வேண்டும். இரட்டைச் சுவர் ஸ்டீல் ஃபிளாஸ்க் ஒன்று வெறுமனே அரை கிலோ அளவுக்கு வரும். நான்கு என்றால் இரண்டு கிலோ இரும்பு. கடையில் தண்ணீரோடு வரும் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் 40 கிராம் சுமார்.

தண்ணீர்ப் பை வசதியானது, வாயருகே குழாய் இருப்பதால் அடிக்கடி குடிப்பீர்கள். குறை ஒன்றுதான்: எவ்வளவு மிச்சம் என்று கண்ணுக்குத் தெரியாது. முதுகில் உறிஞ்சும் சத்தம் கேட்கும்போது எல்லாம் தீர்ந்திருக்கும். ஆகவே 2 லிட்டர் பையில், மீதி பாட்டில்களில். மொத்தத்தில் பாதி முடிந்தால், எங்கிருந்தாலும் திரும்ப வேண்டும். காரில் தனியாக ஒரு கேலன் கிடக்கட்டும்.

பையை வாங்கிய அன்றே சோதியுங்கள். முழுக்க நிரப்பி மூடி, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, துணி விரித்துப் படுக்க வையுங்கள். மேலே மூன்று நான்கு கனமான புத்தகங்கள். இரவு முழுதும் இருக்கட்டும். காலையில் மூடியின் திருகு, குழாய் பையோடு சேரும் இடம், கடிக்கும் வால்வு இந்த மூன்று இடத்திலும் துணி ஈரமா என்று தொட்டுப் பாருங்கள். மூடித் திருகில் கசியும் மலிவுப் பை ஒன்று என் வீட்டிலும் கிடக்கிறது. பத்து டாலர் மிச்சம் பிடித்து வாங்கியது, ஒரு பயனுமில்லை.

கேள்வி: நடைக்கு முந்தைய இரவு 32 பொருட்கள் கொண்ட "டெசர்ட் சர்வைவல் கிட்" வாங்கினேன். பாதி உடைந்திருந்தது. பெட்டி, பில், டேக் எல்லாம் குப்பையில் போய்விட்டன. பணம் திரும்ப வருமா? (வாசகர், சாக்ரமென்டோ)

பதில்: பில்லை எறிந்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் அதிகம், எனக்குப் பொறுமை குறைந்துகொண்டே வருகிறது. கார்டில் வாங்கியிருந்தால் ஆர்டர் வரலாறு இருக்கும், அதை வைத்துக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். அந்தப் பெட்டியில் பாம்புக்கடி விஷத்தை உறிஞ்சும் பம்ப் இருந்தால் அதை எறியுங்கள். அது விஷத்தை எடுக்காது, தசையைத்தான் கெடுக்கும். பாம்பு கடித்தால் போக வேண்டியது ஆஸ்பத்திரிக்கு.

கேள்வி: மதுரையிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், 66 வயது. அவர்களுக்கு சீனியர் பாஸ் எடுத்தால் எல்லாப் பூங்காவும் இலவசமா? (வாசகி, சான் ஹோசே)

பதில்: சீனியர் பாஸ் 62 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும். விசிட்டர் விசாவில் வருபவர்களுக்குக் கிடையாது. ஜோஷுவா ட்ரீயில் கட்டணம் காருக்குத்தான்: 30 டாலர், 7 நாள் செல்லும், காரில் உள்ள எல்லாருக்கும் சேர்த்து. டெத் வேலியிலும் அதே 30. அங்கே ரொக்கம் வாங்குவதில்லை, கார்டு வேண்டும். ஆண்டுக்கு மூன்று முறை இப்படிப் போவீர்கள் என்றால், இங்கே வசிக்கும் உங்கள் பெயரில் 80 டாலர் ஆண்டு பாஸ் லாபம்.

கிராண்ட் கேன்யன், சயான் உள்ளிட்ட 11 பூங்காக்களில் மட்டும் கவனம். 2026 ஜனவரி முதல், அமெரிக்காவில் வசிக்காத, 16 வயது நிரம்பியவர்களுக்குத் தலைக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம் வந்திருக்கிறது. ஜோஷுவா ட்ரீயும் டெத் வேலியும் அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டில் நான்காம் வகுப்புப் பிள்ளை இருந்தால் அந்த ஆண்டுக்கு இலவச பாஸ் உண்டு, அதைப் பலரும் வாங்காமலே விடுகிறார்கள். ஃபேஸ்புக்கில் பாதி விலைக்கு வரும் பாஸை வாங்காதீர்கள். பாஸ் கைமாற்றக் கூடாதது, வாயிலில் அடையாள அட்டை கேட்பார்கள்.

கேள்வி: எலெக்ட்ரோலைட் பவுடர் பாக்கெட் ஒன்றரை டாலர். அவசியமா? (வாசகர், டூசான்)

பதில்: உப்பு அவசியம், அந்தப் பாக்கெட்தான் வேண்டும் என்பதில்லை. வெயிலில் மணிக்கணக்கில் வெறும் தண்ணீரையே குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கித் தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். கிராண்ட் கேன்யன் ரேஞ்சர்களுக்கு இது பழகிய நோய். லேபிளில் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று மட்டும் பாருங்கள். ஒரு லிட்டர் வியர்வையில் அரை கிராம் முதல் ஒன்றரை கிராம் வரை சோடியம் போகும். பாக்கெட்டில் 50 மில்லிகிராம் இருந்தால் நீங்கள் வாங்குவது பழ வாசனை. வீட்டிலேயே ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கூடவே முறுக்கும் உப்புக்கடலையும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் பார்த்த ஒரு "கைடு"க்கு 300 டாலர் அட்வான்ஸை ஸெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவையில் அனுப்பினேன். குறித்த நாளில் ஆளும் வரவில்லை, போனும் போகவில்லை. (வாசகி, லாஸ் வேகஸ்)

பதில்: மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. நாமே அனுமதித்து அனுப்பிய ஸெல் பணம் திரும்புவது அரிது, ஆனாலும் இன்றைக்கே வங்கிக்குச் சொல்லுங்கள், ஃபெடரல் டிரேட் கமிஷனின் மோசடிப் புகார்ப் பக்கத்திலும் பதியுங்கள். தேசியப் பூங்காவுக்குள் காசு வாங்கி வழிகாட்ட, பூங்கா தரும் வணிக அனுமதி வேண்டும். அனுமதி எண்ணைக் கேட்டு, பூங்கா அலுவலகத்தில் சரிபார்த்த பிறகு கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள். கார்டு வாங்க மாட்டேன் என்பவர் வேண்டாம்.

கேள்வி: ஜூலையில்தான் லீவு. டெத் வேலியில் நடக்க எந்தக் கூலிங் வெஸ்ட் வாங்கலாம்? (வாசகர், டப்ளின், கலிபோர்னியா)

பதில்: எதையும் வாங்காதீர்கள், நடக்கவும் நடக்காதீர்கள். கோடையில் தாழ்ந்த பகுதிகளில் காலை 10 மணிக்கு மேல் நடக்க வேண்டாம் என்று பூங்காவே சொல்கிறது. 2024 ஜூலையில் மெஸ்கீட் மணற்குன்றில் ஒரு பயணியின் செருப்பு கழன்றுவிட, வெறுங்கால் மூன்றாம் நிலைத் தீக்காயம் பட்டு வெந்தது. அன்றைய வெப்பத்தில் மீட்பு ஹெலிகாப்டரால் அங்கே இறங்கவும் முடியவில்லை. ஃபர்னஸ் கிரீக்கில் தரையின் வெப்பம் 201 டிகிரி ஃபாரன்ஹீட் வரை பதிவாகியிருக்கிறது. லீவை மாற்றுங்கள்.

கேள்வி: அவசர உதவிக்கு பழைய பிஎல்பி (பட்டனை அமுக்கினால் சாட்டிலைட் வழியாக மீட்பவர்களுக்கு இருப்பிடம் சொல்லும்) கருவி 90 டாலருக்கு வருகிறது. எடுக்கலாமா? (வாசகர், ரிவர்சைடு)

பதில்: பேட்டரி காலாவதித் தேதி பின்புறம் இருக்கும், முதலில் அதைக் கேளுங்கள். தேதி தாண்டியிருந்தால் மாற்றும் செலவில் புதியதற்குப் பக்கத்தில் வந்துவிடும். நல்லதாக இருந்தால், விற்பவர் இந்தக் கருவிகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான நோவாவிடம் (NOAA) தன் பதிவை நீக்க வேண்டும், நீங்கள் உங்கள் பெயரில் பதிய வேண்டும். பதிவு இலவசம், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதியாமல் பட்டனை அமுக்கினால் மீட்பவர்கள் பழைய உரிமையாளரின் வீட்டுக்குப் போன் போடுவார்கள். உங்களிடம் ஐபோன் 14 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் சாட்டிலைட் வழியாக அவசர உதவிச் செய்தி அனுப்பும் வசதி அதிலேயே உண்டு, திறந்த வானம் வேண்டும். குறுகிய பள்ளத்தாக்கில் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

கேள்வி: சோயா (cholla) என்ற கள்ளியின் முள் எடுக்க 25 டாலரில் ஒரு கிட் விற்கிறார்கள். வாங்கலாமா? (வாசகி, பாம் ஸ்பிரிங்ஸ்)

பதில்: ஒரு டாலர் கடையில் அகலப் பல் சீப்பும் ஒரு முள்வாங்கியும் வாங்குங்கள். கள்ளித் துண்டைக் கையால் பிடுங்கினால் அந்தக் கையிலும் ஒட்டும். முள் நுனியில் பின்னோக்கிய கொக்கிகள் உண்டு. துண்டுக்கும் தோலுக்கும் நடுவே சீப்பின் பற்களை நுழைத்து, உங்களையும் பக்கத்தில் இருப்பவரையும் விட்டு விலகிய திசையில் ஒரே சுண்டு. மிஞ்சிய முட்களை ஒவ்வொன்றாக, குத்திய கோணத்திலேயே முள்வாங்கியால் இழுங்கள்.